ஒரு தாயும் ஐந்து நூல்களும்

ஒரு நூலை எடுத்தால் அதை முற்றப் படித்து முடித்த பின்னரே மற்றொன்றைத் தொடல் வேண்டும் என்பது கற்றோர் பலர் கூறும் நெறி. ஒன்றை முடிக்குமுன் வேறொன்றைத் திறப்போரை நுனிப்புல் மேய்வோர் என்றும் நிலையற்ற மனத்தினர் என்றும் இகழ்தல் உலக வழக்கு. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவர் பெரும்புலவர் எவரும் அல்லர். நம் இல்லத்தில் அடுப்புக்கும் தொட்டிலுக்கும் இடையே ஓயாது நடந்துகொண்டிருக்கும் ஒரு தாய்.

நம் வாழ்க்கைத் துணைவியார் மூன்று பிள்ளைகளைப் பெற்றவர்; காலையில் பாலர் பள்ளியில் வேலை பார்ப்பவர். அவர் ஒரே காலத்தில் ஐந்து நூல்களைப் படிக்கிறார். அரிசிப் பானையின் மூடிமேல் திருக்குறள். தையற்பொறியின்மீது டாக்டர் மு. வரதராசனார் மடல் வடிவில் எழுதிய ‘தங்கைக்கு’. படுக்கையின் தலைமாட்டில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. பிள்ளைகளின் மேசையில் அவர்களுடைய அறிவியல் பாடநூல். நோயுற்ற நம் அன்னையாரின் கட்டிலருகே, சயாம் மரண ரயில்பாதையைப் பற்றி அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’. ஒன்றில் பேருந்துச் சீட்டு, ஒன்றில் கோழியிறகு, ஒன்றில் மருந்துக்கடைப் பற்றுச்சீட்டு என ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம்.

தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு, முடியாத கணக்கு எதுவாயினும் கண்ணை உறுத்தும். ஒருநாள் இரவு, “ஒன்றையாவது முடித்துவிட்டு அடுத்ததைத் தொடக்கூடாதா?” என்று கேட்டோம். “முதலில் நீங்கள் கேட்ட தேநீரை முடித்துவிட்டு வருகிறேன்” என்று கூறி அவர் எழுந்து சென்றார். அவ்விடையின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற குணம் விடுமோ? நம் பக்கத்துக்குச் சான்று தேடினோம். ரோமாபுரி அறிஞர் செனெகா, நண்பர் லூசிலியசுக்கு எழுதிய மடல்களுள் இரண்டாவதில், பல நூல்களில் மனம் தாவுவதைக் கண்டித்திருக்கக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால், செனெகா யார்? பெருஞ்செல்வர், ஏவலுக்கு அடிமைகள் சூழ வாழ்ந்தவர். தம் பொழுது தம் கையில் உள்ளோர்க்கு அவர் அறிவுரை தக்கதே. கைப்பேசியில் ஒன்றைத் தொட்டு ஒன்றுக்குத் தாவி, ஒரு மணி நேரத்தை ஒன்றுமின்றிப் போக்கும் நம்போன்றோர்க்கு அது மிகவும் தக்கது. பொழுதே தமக்கென இல்லாத ஒரு தாய்க்கு அதை எங்ஙனம் பொருத்துவது? மேலும், 1597-இல் கட்டுரைத் தொகுதி வெளியிட்ட ஆங்கிலேயர் பிரான்சிஸ் பேக்கன், எல்லா நூல்களையும் ஒரே வகையாற் படிக்க வேண்டுவதில்லை என்று தெளிவுறுத்தியுள்ளார். ஆகவே சான்றோர் வழக்கும் ஒருபக்கமாக நிற்கவில்லை.

நம் பள்ளிகளையே நோக்குவோம். பத்து வயதுச் சிறுவன் ஒரே நாளில் தமிழும் மலாயும் கணக்கும் அறிவியலும் மாறி மாறிப் படிக்கிறான். அதைப் பாட அட்டவணை என்கிறோம். 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வார இதழில் தொடராக வந்தபோது, வாரம் ஒரு பகுதி படித்து, இடையே வேறு பலவும் படித்தே எத்தனையோ பேர் அதைக் கற்றனர். அவர்களைச் சுவைஞர் என்கிறோம். தாய் செய்தால் மட்டும் அது மனவுறுதியின்மை ஆகிவிடுமோ?

இன்னுமொரு செய்தி உண்டு. அகோஸ்தினோ ரமெல்லி என்னும் இத்தாலியப் பொறியாளர் 1588-இல் பாரிஸ் நகரில் எந்திரங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 195 படங்கள் கொண்ட அந்நூலில், நூல் படிப்பதற்கென ஒரு சக்கரமும் வரையப்பட்டுள்ளது. பெரிய நீராலை உருளை போன்ற அதில் சாய்வுப் பலகைகள் பல. ஒவ்வொன்றிலும் திறந்த நூல் ஒன்று. சக்கரத்தைச் சுழற்றினும் பலகைகளின் சாய்வு மாறாதபடி பற்சக்கரங்கள் காக்கும். நூல் கீழே விழாது. படிப்பவர் இருந்த இடத்தை விட்டு அசையாமல் நூல் பலவும் காணலாம்; கால்மூட்டு வாதத்தால் வருந்துவோர்க்கும் உதவும் என்றார் ரமெல்லி. அமர்ந்திருக்கும் ஆடவருக்காக நூல்களைச் சுழலவைத்ததை அறிவுடைமை என்று உலகம் வியந்தது. நம் இல்லத்திலோ நூல்கள் இருந்த இடத்தில் இருக்கின்றன, சுழல்பவர் தாய்!

பெரட்டில் பெயர் குறித்துச் செக்ரோல் எழுதும் பழக்கத்தால், ஒரு மாலை எட்டு மணி முதல் ஒன்பது வரை ஒரு தாளில் குறித்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் அவரை அழைத்தவை 14 குரல்கள். பிள்ளைகள் 6 முறை. அன்னையார் 3 முறை. அண்டை வீட்டார் ஒரு முறை. எஞ்சிய 4 முறை அழைத்தவர் நாமே. மூக்குக் கண்ணாடிக்கு ஒருமுறை, தேநீருக்கு ஒருமுறை, மின்விசிறியை நிறுத்த ஒருமுறை. நான்காவது, “என்ன படிக்கிறாய்?” என்று கேட்பதற்கு! தடையின்றி அவருக்குக் கிடைத்த மிக நீண்ட பொழுது 9 நிமிடங்கள். தாளைப் பார்த்து நாணினோம். முடியாத கணக்கு அவருடையதன்று, நம்முடையது.

அதன் பின்னரே ஐந்து நூல்களும் இருந்த இடங்களின் பொருள் புலப்பட்டது. சோறு கொதிக்கும் இடைவெளிக்கு ஈரடிக் குறள் போதும். ஒரு பாவாடைக்குக் கரை தைத்து முடித்தால் ஒரு மடல் படிக்கலாம். வீடு உறங்கிய பின்னரே சோழ நாட்டுக்குப் போக முடியும். சயாம் நூலோ அவர் தமக்காக மட்டும் படிப்பதன்று. தம்பியரைப் பார்த்துக்கொள்ள இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, பின்னர்ப் பால்மரம் வெட்டி நம்மை வளர்த்த அன்னையாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. அன்னையாரின் பெரியப்பா ஒருவர் 1943-இல் அப்பாதை வேலைக்குச் சென்று மீளாதவர். சில பக்கங்களில் அன்னையார் கையமர்த்துவார், நூல் மூடப்படும், சில நாள் திறக்கப்படாது. அவ்வாறு மூடிய நூலைப் பாதியில் விட்ட நூல் என்று எவர் சொல்லத் துணிவார்?

மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களிற் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. பள்ளி வந்தது, ஆயினும் நம் அன்னையாருக்குப் படிக்கும் பொழுது வரவில்லை. இன்று நம் பெண்மக்கள் பல்கலைக்கழகம் வரை செல்கின்றனர், பெருமைப்படுகிறோம். மணமாகித் தாயான பின்னர் அவர்கள் ஒரு பக்கம் படிக்க யார் பொழுது தருவது? ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா ஊல்ஃப், பெண் கதை எழுத வேண்டுமாயின் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என 1929-இல் வாதித்தார். நம் வீடுகளில் அறைக்கு இடமில்லை எனலாம், அரைமணிக்குமா இடமில்லை? பெண்கல்வியை மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தேநீர் கேட்டு அவள் நூலை மூடச் செய்வோன் எதைச் சீர்திருத்தியவன்?

அன்று முதல் இரவு எட்டரை முதல் ஒன்பது வரை பாத்திரமும் பிள்ளைகளும் அன்னையாரும் நம் பொறுப்பு. இனி ஒரு நூலாவது முடியும் என்று காத்திருந்தோம். மூன்றாம் வாரம் அவர் கையில் ஆறாவது நூல் ஒன்றைக் கண்டோம், விண்மீன்களைப் பற்றியது. பழைய வினா நம் வாயில் மீண்டும் எழுந்தது. அவர் நகைத்து, “ஒருவனை வளர்த்து முடித்துவிட்டா அடுத்தவளுக்குச் சோறூட்டினேன்? மூன்று பேரையும் சேர்த்துத்தானே வளர்க்கிறோம்!” என்றார்.

நாம் வாய் திறக்கவில்லை. பொழுதின்மை அவர் நூல்களைத் துண்டாக்கிற்று. அது நம் குற்றம். நூல்களைப் பலவாக்கியதோ அவர் அன்பு. அதைத் திருத்த நாம் யார்?

தோழர்களே! இன்றிரவு உங்கள் இல்லத்திலும் ஒரு தாளை எடுத்துக் குறித்துப் பாருங்கள். குரல்களை எண்ணுங்கள், அவற்றுள் உங்கள் குரல் எத்தனை என்று எண்ணுங்கள். பின்னர் எழுந்து சென்று, உங்கள் தேநீரை நீங்களே போடுங்கள். அவர்க்கும் ஒரு கோப்பை.