விருந்தினன் எதற்கு ஒத்துப்போக வேண்டும்?

பிறிதோர் ஊருக்குப் புறப்படும் பிள்ளைக்கு நாம் கூறும் முதற் புத்திமதி, "போன இடத்து வழக்கத்துக்கு ஒத்து நட" என்பதாகும். தாய் படலையடியில் நின்று அதனைக் கூறுகிறாள். ஆசிரியர் நற்சான்றிதழைக் கையளிக்கும்பொழுது கூறுகிறார். இப்புத்திமதி தவறானதன்று. ஆயினும், எவற்றுக்கு ஒத்து நடக்க வேண்டும், எந்த எல்லைவரை ஒத்து நடக்க வேண்டும் என்ற வினாக்களை நாம் எழுப்புவதில்லை. ஒழுக்கவியலின் கடினமான பகுதி அவ்வினாக்களிலேதான் அடங்கியுள்ளது. வளர்ந்தோர் தம் கருத்துகளைச் சுமந்துகொண்டு வெளிநாடு செல்கின்றனர். பதினாறு வயதுப் பிள்ளையோ தன் பழக்கங்களை மாத்திரமே கொண்டு செல்கிறது. ஆதலால், அந்நியர் வீட்டில் ஓராண்டு வாழச் செல்லும் பாடசாலை மாணவனின் நிலையிலிருந்து இதனை ஆராய்வது பொருத்தமாகும்.

இத்தகைய மாணவர் பரிமாற்றம் யுத்தத்தின் இடிபாடுகளிலிருந்து வளர்ந்ததொன்று. 1915ஆம் ஆண்டு பிரான்சின் போர்முனைகளில் காயமுற்றோரை ஏற்றிச் செல்வதற்கென அமெரிக்கத் தொண்டர்கள் அம்புலன்ஸ் வண்டிகளை ஓட்டினர். 'அமெரிக்கன் பீல்ட் சேர்விஸ்' எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பு இரண்டாவது உலக மகாயுத்தத்திலும் அதே பணியைச் செய்தது. யுத்தம் ஓய்ந்த பின்னர், ஸ்டீபன் கலாட்டி என்பாரின் தலைமையில், அதே வண்டியோட்டிகள் பாடசாலை மாணவரை நாடுவிட்டு நாடு அழைக்கத் தொடங்கினர். 1947இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர் அமெரிக்க வீடுகளை வந்தடைந்தனர். ஒருவன் வீட்டில் உண்டு உறங்கியவன் நாளை அவன்மீது குண்டெறிய எளிதில் துணியமாட்டான் என்பதே இம்முயற்சியின் அடிப்படை நம்பிக்கை.

அந்த உண்டி உறக்கத்திலேதான் முதற் சங்கடமும் தொடங்குகிறது. யப்பானிய மாணவன் ஒருவன் அமெரிக்க வீடொன்றினுட் புகுவதாகக் கொள்வோம். வாயிலிற் பாதணியைக் கழற்றி வைப்பது அவனுக்கு மூச்சுவிடுவதுபோல் இயல்பானது. அவ்வீட்டாரோ பாதணியுடனேயே உள்ளே நடக்கின்றனர். அவன் நாட்டில் தொட்டிக்கு வெளியே உடலைக் கழுவிய பின்னரே வெந்நீர்த் தொட்டியில் இறங்குவர். அதே நீரை வீட்டார் அனைவரும் பயன்படுத்துவர். இங்கே தொட்டிக்குள்ளேயே கழுவுதல் வழக்கம். "இன்னும் சிறிது உண்கிறாயா?" என வீட்டுத் தாய் கேட்கிறாள். முதல் முறை மறுப்பதே பண்பு எனக் கற்றவன், "வேண்டாம்" என்கிறான். அவள் அவனுடைய சொல்லை மதித்துப் பாத்திரத்தை எடுத்துச் செல்கிறாள். பண்பு பேணியவன் பசியோடு உறங்கச் செல்கிறான். சொல்லை மதித்தவள் தான் செய்த பிழை யாதென அறியாள். இருவருள் குற்றவாளி எவருமிலர்.

இத்தகைய வழக்கங்கள் மொழியின் இலக்கணம் போன்றவை. ஒன்று மற்றொன்றினும் உயர்ந்ததன்று; கற்றுக்கொள்வதால் எவரும் தம்மை இழப்பதுமில்லை. இவற்றில் விருந்தினன் ஒத்துப்போவதே முறை. ஏனெனில் வந்தவன் ஒருவன்; வீட்டார் பலர். எனினும், அவன் பசியை விளங்கிக்கொண்டு மறுமுறையும் கேட்கப் பழகும் தாயே நல்ல தாய் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது வகையொன்று உண்டு. யப்பானியப் பாடசாலைகளிலே மாணவர் தம் வகுப்பறையையும் நடைவழியையும் தாமே கூட்டித் துடைக்கின்றனர். அமெரிக்கப் பாடசாலையிலோ அவ்வேலையைக் கூலி பெறும் தொழிலாளி செய்கிறார். மாணவர் அவரைக் கடந்து செல்கின்றனர். மறுபுறம், அமெரிக்க வகுப்பறையில் மாணவன் கையுயர்த்தி ஆசிரியரின் கூற்றை மறுத்துரைக்கலாம். அது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. இவை வெறும் வழக்கங்கள் அல்ல. உழைப்பைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் சமுதாயம் கொண்டுள்ள மதிப்பீடுகள். இங்கே ஒத்துப்போதல் என்ற சொல் போதாது. சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். வினவக் கற்றுக்கொள்ளும் யப்பானியன் வளர்கிறான்; துடைப்பத்தை ஏந்தக் கூச்சப்படத் தொடங்குவானாயின் தேய்கிறான். பரிமாற்றம் என்ற சொல் பொய்யாகாதிருக்க வேண்டுமெனின், துடைப்பத்தை ஏந்துவது எத்துணை மேலானது என அமெரிக்க மாணவனும் கற்றல் வேண்டும்.

மூன்றாவது வகைக்கு வருவோம். யோஷிஹிரோ ஹத்தோரி என்பவன் யப்பானின் நகோயா நகரைச் சேர்ந்த பதினாறு வயது மாணவன். மேற்குறித்த அமைப்பின் வழியாக 1992ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்துப் பாட்டன் ரூஜ் நகருக்கு வந்தான், நடனத்தில் விருப்புடையவன். அவ்வாண்டு ஒக்டோபர் 17ஆந் திகதி மாலை, வீட்டாரின் மகனுடன் ஹலோவீன் விருந்தொன்றுக்குப் புறப்பட்டான். விருந்துக்குரிய வெண்ணிற உடையணிந்திருந்தான். இலக்கத்தைப் பிழையாகக் கண்டு அதே வீதியில் வேறொரு வீட்டின் மணியை அழுத்தினர். கதவைத் திறந்த பெண் அஞ்சிக் கதவைச் சாத்தினாள். கணவனைத் துப்பாக்கி எடுக்கும்படி கூவினாள். கைத்துப்பாக்கியோடு வெளிவந்த கணவன் 'பிரீஸ்' எனக் கத்தினான். விருந்துக்கு வந்திருப்பதாகக் கூறிக்கொண்டே ஹத்தோரி முன்னே அடிவைத்தான். ஒரே வெடி. மாணவன் மடிந்தான்.

'பிரீஸ்' என்றால் நீர் உறைதல் எனப் பாடநூல் கற்பிக்கும். அசையாதே, அசைந்தாற் சுடுவேன் என்பது அச்சொல்லுக்குத் தெருவிலே வழங்கும் பொருள். அக்கணத்தில் அவன் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டான் என்பதை எவராலும் அறுதியிட்டுக் கூறவியலாது. ஆனால் நிகழ்ச்சிக்குப் பின்னர் யப்பானிய மக்கள் அச்சொல்லைப் பற்றியே பேசினர். 1993 மே மாதம் சுட்டவனை ஜூரிமார் குற்றவாளி அல்லன் எனத் தீர்த்தனர். தன் வீட்டைக் காக்க அஞ்சிச் சுட்டான் என்பதே அவன் தரப்பு வாதம்.

"அவன் அச்சொல்லைக் கற்றிருக்க வேண்டும்" என்று கூறுவோர் உளர். உயிர் காக்கும் பொருட்டு அச்சொல்லைக் கற்பிக்கத்தான் வேண்டும். எனது மாணவன் சென்றாலும் யான் கற்பித்தே அனுப்புவேன். ஆனால் எச்சரிக்கை வேறு, அறக்கடமை வேறு. வெள்ளம் பாயும் ஆற்றைப் பற்றி எச்சரிப்பதுபோல அச்சொல்லைப் பற்றி எச்சரிக்கலாம். அதைக் கல்லாமை அவன் குற்றம் எனக் கூறலாகாது. பாதணியும் குளியலும் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வு முறை. கதவு மணி ஒலித்தவுடன் துப்பாக்கியை நாடுவதோ, உடைமையைத் தனித்தனியே ஆயுதமேந்திக் காக்க வேண்டியுள்ள ஒரு சமுதாயத்தின் நோய். நோயைப் பண்பாடு எனப் பெயரிட்டு விருந்தினனை அதற்கு ஒத்துப்போகச் சொல்வது, மடிந்தவனையே மீண்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாகும்.

இதனைக் கீழ்த்திசை மேற்றிசை வேற்றுமையாகக் கொள்வதும் பிழை. 2002ஆம் ஆண்டில், முஸ்லிம் மக்கள் மிகுந்துள்ள நாடுகளின் மாணவரை அழைக்கவென அமெரிக்க அரசு 'யெஸ்' எனும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. அதன் வழியே கராச்சியிலிருந்து சென்ற சபிக்கா ஷேக் என்ற பதினேழு வயது மாணவி, டெக்சாஸில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் வாழ்ந்தாள். 2018இல் றமழான் பிறந்தபொழுது அவ்வீட்டாரும் அவளோடு சேர்ந்து நோன்பிருந்தனர். ஒத்துப்போதல் வந்தவளின் கடமை மட்டுமன்று என்பதை அவர்கள் நூல்களிலே கற்றாரல்லர், அன்பினாற் கண்டறிந்தனர். அவ்வாண்டு மே 18ஆந் திகதி, சன்ரா பே உயர்தரப் பாடசாலையில் மாணவன் ஒருவன் சுட்டதில் மாண்ட பதின்மருள் அவளும் ஒருத்தியானாள். உணவு மேசையில் மனிதர் வென்ற வெற்றியை வகுப்பறையிலே துப்பாக்கி தோற்கடித்தது. நல்ல வீட்டார் மட்டும் போதாது, அவ்வீடு நிற்கும் சமுதாயமும் மாற வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

நம் நண்பர் சிலர் வேறொரு தடை எழுப்புவர்: இத்திட்டங்கள் வல்லரசொன்று தன் முகத்துக்குப் பூசும் அரிதாரமே, இவற்றை ஏன் பொருட்படுத்த வேண்டும்? அரசு எந்த நோக்குடன் பணம் செலவிடுகிறது என்பதில் எமக்கு மயக்கமில்லை. 2002ஆம் ஆண்டு தற்செயலாக வாய்த்ததன்று. அது முந்திய ஆண்டுச் செப்தெம்பர்த் தாக்குதலுக்கும் ஆப்கானிஸ்தான் யுத்தத்துக்கும் அடுத்து வந்த ஆண்டு. ஆயினும், அனுப்புவோரின் நோக்கம் சென்றோரின் கண்களைக் கட்டிவிடுவதில்லை. அரசு காட்ட விரும்பாததையும் சமையலறை காட்டிவிடும். கூட்டித் துடைக்கும் தொழிலாளியை மாணவர் கடந்து செல்வதைப் பிள்ளை தன் கண்ணாலே காண்கிறது. அதனுடன் நோன்பிருக்கும் எளிய மனிதரையும் காண்கிறது. மக்களை அரசிலிருந்து வேறுபடுத்திக் காணும் பார்வையே சர்வதேசியத்தின் அரிச்சுவடி.

ஹத்தோரியின் பெற்றோர் செய்ததை எண்ணிப் பார்த்தல் தகும். "இனி எம் பிள்ளைகளை அனுப்பாதீர்" என்று அவர்கள் கூறவில்லை. அமெரிக்க வீடுகளிலிருந்து துப்பாக்கியை அகற்றுமாறு கோரும் மனுவுக்கு யப்பானில் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் கையொப்பம் திரட்டினர். மகனை ஏற்றிருந்த அமெரிக்கக் குடும்பம் அவர்களோடு தோள்கொடுத்து நின்றது. 1993 நவம்பரில் அவர்கள் சனாதிபதி கிளின்ரனைச் சந்தித்தனர். கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விசாரிக்க விதிக்கும் பிரேடிச் சட்டம் அம்மாத இறுதியிற் கையொப்பமாயிற்று. அது சிறிய அடியே. மகன் பெயரால் நிதியொன்றை நிறுவி, அமெரிக்க மாணவரை யப்பானுக்கு அழைக்கவும் அவர்கள் வழிசெய்தனர். துப்பாக்கி இல்லாத வீதியில் ஓர் அமெரிக்கப் பிள்ளை நடந்து பார்க்கட்டும் என்பதே அவர்கள் விரும்பியது. பழிவாங்கலைவிட இது கடினமானது. மன்னிப்பு என்ற வெறுஞ் சொல்லிலும் உறுதியானது.

ஆதலின் நம் பழைய புத்திமதியைத் திருத்திக்கொள்வோமாக. வழக்கத்துக்கு ஒத்து நட, மதிப்பீடுகளைச் சீர்தூக்கு, அநீதிக்கும் அச்சத்துக்கும் ஒருபோதும் பழகிவிடாதே. இது புறப்படும் பிள்ளைக்கு. வரவேற்கும் நமக்கும் ஒரு வாக்கியம் உண்டு. புதிதாக வந்து கடைசி வாங்கில் ஒதுங்கியிருக்கும் பிள்ளை ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கிறது. அது நமக்கு ஒத்துப்போகவில்லை எனக் குறைகூறுமுன், "வேண்டாம்" என்று அது கூறிய பின்னரும் இன்னொரு முறை கேட்டோமா என நம்மை நாம் வினவுதல் வேண்டும்.