தாடைக்கு அங்கே என்ன வேலை?

வூதாங் மலைக்குப் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் கோயம்புத்தூரில் எல்லாரும் கேட்டது, “போதிதர்மர் இருந்த இடமா?” என்றுதான். 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ செய்த வேலை. அவர் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஷாவோலின் ஹெனான் மாகாணத்தில் இருக்கிற பௌத்த மடம். வூதாங் அதற்குத் தெற்கே, ஹூபே மாகாணத்தின் வடமேற்கில், தாவோ மதத்தாரின் மலை. நாம் சொந்தம் கொண்டாட அங்கே காஞ்சிபுரத்துக்காரர் யாரும் கிடையாது.

ஆனால் இரண்டு ஊருக்கும் ஒரே விதமான வியாதி உண்டு. ஷாவோலின் சண்டைக்கலைக்குப் போதிதர்மர் மூலபுருஷர் என்கிறார்கள். வூதாங் கலைக்குச் சாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி. தாங் ஹாவ் என்ற ஆய்வாளர் 1930இல் ஒரு புத்தகம் எழுதி, இருவருமே எதையும் உண்டாக்கவில்லை என்று இரண்டு பேரையும் ஒன்றாகவே இறக்கி வைத்தார். சாங் சான்ஃபெங்கைச் சண்டையோடு சேர்க்கும் பழைய சான்று 1669ஆம் வருஷத்து இரங்கல் எழுத்து ஒன்றுதான். ஹுவாங் சோங்ஸி என்ற அறிஞர், தன் காலத்துச் சிலம்பாட்டக்காரர் மாதிரியான ஒரு வீரர் இறந்தபோது எழுதியது. சாங் சான்ஃபெங்கின் கனவில் மலைத்தெய்வம் வந்து குத்துவித்தை கற்றுக்கொடுத்ததாம். மறுநாள் தனி ஆளாக நூற்றுக்கும் மேற்பட்ட கொள்ளையரைக் கொன்றாராம். எந்த நூற்றாண்டுக்காரர் என்பதிலேயே கதைக்குக் கதை முந்நூறு வருஷம் உதைக்கிற ஒருவருக்கு நூறு கொள்ளையர் அதிகமில்லை.

இதெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கதை உண்மையா என்பதல்ல. நான் பிசியோதெரபிஸ்ட். மில்லில் நின்று நின்று இடுப்பு போனவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் கழுத்து போனவர்கள், இவர்களோடுதான் என் நாள் போகிறது. கடவுள் விஷயத்தில் அரைகுறை. மருதமலைக்குப் போவேன், விரதம் இருக்கமாட்டேன். தாவோ நூல்களில் என்னைத் தொந்தரவு செய்தது ஒரே விஷயம். செயலின்மைதான் உயர்ந்தது என்று லாவோட்ஸு சொல்கிறார். வூ வெய். அப்படியானால் விடியுமுன் எழுந்து, காலைச் சுவரில் தூக்கி வைத்து, தசை கிழிய நீட்டுவது எதற்கு? ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஒருவர் பயிற்சி எடுக்க முடியுமா? தாயுமானவரைப் படித்து வளர்ந்த வீட்டில் இது புதுக் கேள்வியும் இல்லை. ஆனால் அவர் யாரையும் குதிரை நிலையில் நிற்கச் சொல்லவில்லை.

குதிரை நிலை என்பது ‘மா பு’. காலை அகட்டி, முதுகை நிமிர்த்தி, நாற்காலி இல்லாத நாற்காலியில் உட்காருவது. பள்ளிக்கூடத்தில் தண்டனையாக நிற்க வைத்திருக்கிறார்கள், எல்லாருக்கும் தெரியும். கோயில்களில் இருக்கும் துறவிகள் வேறு, மலையில் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் சேர்ந்தது இரண்டாவது வகை. முற்றத்தில் கல் தரை, ஓரத்தில் வாள்கள் சாத்திய மரச்சட்டம், கொடியில் காய்கிற வெள்ளைச் சட்டைகள். ஆசிரியரை ஷிஃபு என்று கூப்பிட வேண்டும். முப்பதைத் தாண்டியிருக்கமாட்டார், தலைமுடியைத் துறவிகள் மாதிரியே உச்சியில் கொண்டை போட்டிருந்தார். என் வயதுக்கு அவர் தம்பி. ஆனால் அங்கே வயது செல்லாது.

முதல் வாரம் முழுக்க அவர் என் தொடையைப் பார்க்கவே இல்லை. தொடை நடுங்கும், வேர்க்கும், அது அதன் பாடு. வரிசையில் நடந்து வருவார். ஒரு விரலால் என் தாடையின் கீழ்மூலையைத் தொடுவார். தொட்ட பிறகுதான் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது எனக்கே தெரியும். அடுத்த சுற்றில் தோள்பட்டை: அது காதுவரை ஏறியிருக்கும். அதற்கடுத்து மூச்சு: நின்றே போயிருக்கும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் தினமும் சொல்வதையே அவர் ஒரு வார்த்தை பேசாமல் எனக்குச் செய்தார். எடையைத் தாங்குவது தொடையும் இடுப்பும். தாடைக்கு அங்கே என்ன வேலை? ஒன்றுமில்லை. ஆனாலும் அது செய்கிறது. தான் கடிக்காவிட்டால் உடம்பு விழுந்துவிடும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு வூ வெய் பிடிபட்டது அங்கேதான், இவ்வளவுதான் பிடிபட்டது என்றும் சொல்லலாம். செயலின்மை என்றால் தொடை ஓய்வெடுப்பது இல்லை. தொடை செய்யட்டும், தாடை விடட்டும். ஜுவாங்ட்ஸு என்ற தாவோ நூலில் மாடு அறுக்கும் ஒரு சமையல்காரன் வருகிறான். 19 வருஷம் ஒரே கத்தி, இன்னும் தீட்டியது மாதிரியே இருக்கிறது. எலும்பில் மோதாமல் இடைவெளியில் போவதால். இதை எடுத்துச் சொல்கிற எல்லாரும் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். சிக்கலான மூட்டு வரும்போது அவனும் நிதானித்து, கண்ணை அதிலேயே வைத்து, மெள்ளத்தான் கத்தியை நகர்த்துகிறான். கவனம் போகவில்லை, வீண் பலம்தான் போயிருக்கிறது.

ஆனால் இதோடு பிரச்சினை தீரவில்லை. தாடையைத் தளர்த்து என்று எனக்கு நானே கட்டளை போட்டால் நெற்றி சுருங்குகிறது. நெற்றியைக் கவனித்தால் கால்விரல் தரையைக் கவ்வுகிறது. விடுவதற்கும் ஒரு முயற்சி. அந்த முயற்சியை விடுவதற்கு இன்னொன்று. சீனத் தத்துவக்காரர்கள் இதைப் பற்றி இரண்டாயிரம் வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். சுன்ட்ஸு போன்ற கன்ஃபூஷியஸ் மரபினர், செதுக்கு, இழை, தேய், அப்போதுதான் மனிதன் என்றார்கள். லாவோட்ஸு செதுக்காத மரக்கட்டையைப் புகழ்ந்தார். எங்களோடு பயிற்சி எடுத்த ஜெர்மன்காரர் ஒருவர் தச்சர். சோற்றுக்கு முன்னால் இந்தச் செதுக்காத மரத்தைப் பற்றி நான் ஆரம்பித்ததும், “பக்குவப்படுத்தாமல் போட்டால் ஆறே மாதத்தில் வெடிக்கும்” என்று சொல்லிவிட்டு டோஃபு பக்கம் போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், லாவோட்ஸுவின் பேரில் நிற்கிற இந்த மலை, சொல்கிற கதையில் தச்சர் பக்கம் சாய்கிறது. இங்கே மூலவர் ஷென்வு. வடதிசைக்குத் தெய்வம். அவிழ்த்த கூந்தல், வெறுங்கால், கவசம், வாள், காலடியில் ஆமையும் பாம்பும். அரசகுமாரனாகப் பிறந்து இந்த மலையில் தவம் செய்தார். நடுவில் சலித்துப்போய் இறங்கப் பார்த்தார். வழியில் ஒரு கிழவி இரும்பு உலக்கையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்றால், ஊசி செய்ய. அரசகுமாரன் திரும்பி ஏறிவிட்டார். அந்த இடத்தில் இன்றும் ‘ஊசி தேய்த்த கிணறு’ என்று ஒரு கோயில். அதே கிழவி, அதே உலக்கை, கவிஞர் லி பை சிறுவனாக இருந்தபோது பாடத்தில் சலித்து ஓடிய கதையிலும் வருவாள் என்பதைச் சீனக் குழந்தைகள் எல்லாம் படித்திருக்கின்றன. பாவம், அவளுக்கு ஓய்வே இல்லை.

செதுக்காத மரமும் தேய்த்த இரும்பும் ஒரே மலையில் எப்படி? தத்துவ சமாதானம் சொல்பவர்கள் உண்டு: தேய்ப்பதும் நீக்குவதுதான், சேர்ப்பதல்ல என்று. எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. காரணம் இன்னும் தரைமட்டத்தில் இருக்கிறது. 1402இல் அண்ணன் மகனைத் தள்ளிவிட்டு அரியணை ஏறிய யோங்லே பேரரசர், வடக்கிலிருந்து படையோடு வந்தவர். வடக்கின் தெய்வம் ஷென்வு தன்னோடு இருந்தார் என்று நாடு நம்ப வேண்டியிருந்தது. 1412இல் மலையில் கோயில் கட்டும் வேலை ஆரம்பம்; லட்சக்கணக்கான ஆட்கள். 1612 மீட்டர் உச்சியில் நிற்கும் பொன்மண்டபத்தின் வெண்கலத் துண்டுகள் வார்க்கப்பட்டுப் படகிலும் தோளிலும் வந்து 1416இல் பூட்டப்பட்டன. பொன்முலாம் இன்னும் வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. ராணுவ தெய்வமும் ராஜாங்கப் பணமும் சேர்ந்த இடத்தில் ‘சும்மா இரு’ என்ற உபதேசம் மட்டும் எடுபடுமா? ஒழுங்கு வேண்டும், ஆண்டுக்கணக்கில் உழைப்பு வேண்டும், கிழவி வேண்டும். அந்தப் பேரரசர் சாங் சான்ஃபெங்கைத் தேடியும் ஆள் அனுப்பினார். கிடைக்கவில்லை. பதிலுக்கு யூஷென் என்ற கோயிலைக் கட்டினார். 2003இல் அதன் மண்டபம் ஒன்று தீயில் போனது. பிறகு தான்ஜியாங்கோ நீர்த்தேக்கத்தை உயர்த்தியபோது, தண்ணீரில் மூழ்காதபடி அதன் வாயில்களை ஜாக்கி வைத்து 15 மீட்டர் தூக்கியிருக்கிறார்கள். தேடியும் சிக்காத ஒரு மனிதருக்காக இவ்வளவு.

ஆகவே என் தீர்ப்பு கிழவி பக்கம், ஒரு நிபந்தனையோடு. பிற்பகலில் தைச்சியின் ‘துய் ஷோ’ பழக்குவார்கள். இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி, மெள்ளச் சுற்றி, மற்றவர் நிலை தவறும் இடத்தைத் தேடுவது. நான் தள்ள நினைத்த ஒவ்வொரு தடவையும் ஷிஃபுவின் கை அங்கே இல்லை; நானே முன்னால் போய்க் கொண்டிருந்தேன். ஒரு நாள் அசதியில், தள்ளவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் கையை விட்டிருந்தேன். அன்றைக்கு அவர் அரை அடி பின்வாங்கினார். அந்த அசதி மாதக்கணக்கான நடுக்கத்துக்குப் பிறகு வந்த அசதி. மெத்தையில் படுத்திருந்து வருகிற அசதி அதைச் செய்யாது. தேய்க்காமல் விட முடியாது. ஆனால் தேய்ப்பதையே பெருமையாகப் பிடித்துக்கொண்டவர்களுக்குத் தாடை கடைசிவரை இறுகியே இருக்கும். அவர்களையும் அங்கே பார்த்தேன், விலை உயர்ந்த பட்டுச் சட்டையில்.

இது நிஜச் சண்டைக்கு உதவுமா என்று ஊரில் பையன்கள் கேட்கிறார்கள். 2017இல் செங்டு நகரில் ஒரு தைச்சி ஆசிரியரை, கலப்புச் சண்டைக்காரர் ஒருவர் சில நொடிகளில் வீழ்த்திய வீடியோ இன்னும் கிடைக்கிறது. அந்த ஆசிரியர் வூதாங்காரர் இல்லை என்றாலும் பதில் அதில் இருக்கிறது. அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் உள்ளூர் பாக்ஸிங் கிளப் போதும், விசா வேண்டாம். 2020இல் தைச்சியை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் யாரையும் வீழ்த்தியதற்காக அல்ல.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை, படிக்கட்டில் கால்வைக்க இடம் இருக்காது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் குதிரை நிலையில் தாழ உட்காரவேண்டாம், ஷிஃபுவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பொன்மண்டபத்துக்கு அருகில்வரை கேபிள் கார் போகிறது. அதில் போனால் புண்ணியம் ஒன்றும் குறையாது.