ஓடிவிட்டாயா? திரும்பு!

ஒரு நாள் பயந்து பின்வாங்கினாய். மேடையில் உன் பெயரை அழைத்தபோது நழுவினாய். நண்பனை நாலு பேர் அவமானப்படுத்தியபோது தலைகுனிந்து நின்றாய்.

அந்த ஒரு நாளை வைத்து, ‘நான் கோழை’ என்று உனக்கு நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். யார் கொடுத்தார்கள் உனக்கு அந்த அதிகாரம்?

லாயாவைப் பார்!

2015இல் வெளிவந்த சபா தாஹிரின் ‘ஆன் எம்பர் இன் தி ஆஷஸ்’ நாவலின் நாயகி அவள். பழைய ரோமை நினைவூட்டும் கொடுங்கோல் பேரரசு அது. ஆள்பவர்கள் மார்ஷியல்கள். மிதிபடுபவர்கள் லாயாவின் இனமான ஸ்காலர்கள்.

ஓர் இரவு மார்ஷியல் படை லாயாவின் வீட்டுக்குள் புகுகிறது. தாத்தா, பாட்டி கொல்லப்படுகிறார்கள். அண்ணன் டாரின் பிடிபடுகிறான். லாயா என்ன செய்தாள்?

ஓடினாள்!

ஆம், கதாநாயகிதான் ஓடினாள்! அவளைப் பெற்றவளோ கிளர்ச்சிப் படையை நடத்திய வீராங்கனை. அவள் வயிற்றில் பிறந்தும் இப்படி ஓடினோமே என்று மகளின் மனம் வெந்தது.

வெந்த மனத்தோடு மூலையில் உட்கார்ந்தாளா? கிளர்ச்சியாளர்களைத் தேடிப் போனாள். அண்ணனை மீட்க உதவி கேட்டாள்.

அவர்கள் கேட்ட விலை என்ன தெரியுமா? பிளாக்கிளிஃப் படைப்பள்ளித் தலைவியின் வீட்டுக்குள் அடிமையாக நுழைந்து உளவு பார்க்க வேண்டும். எவர்களிடமிருந்து ஓடினாளோ, அவர்களின் கோட்டைக்குள்ளேயே!

போனாள்! பயத்தோடுதான் போனாள். தலைவி அவள் நெஞ்சில் கத்தியால் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறினாள். அதற்குப் பிறகும் லாயா உளவைக் கைவிடவில்லை.

நீ என்ன சொல்கிறாய்? ‘பயம் போகட்டும், பிறகு செய்கிறேன்’ என்கிறாய். எத்தனை வருடம் காத்திருப்பாய்?

பலசாலிகளுக்குப் பயமில்லை என்று நினைக்கிறாயா? எலியாஸைப் பார்! பள்ளியின் தலைசிறந்த வீரன். தலைவியின் சொந்த மகன். அவனையும் உள்ளுக்குள் ஓர் அச்சம் தின்றது: நானும் இவர்களைப் போல் கொடியவன் ஆகிவிடுவேனோ?

அவன் பேரரசின் வாள். லாயா பேரரசின் அடிமை. ஒருவரையொருவர் வெறுக்கத்தான் இருவருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். காதலிக்கத் துணிந்தார்கள்! எந்த அரசு ஆணையிட்டு அதை நிறுத்த முடியும்?

‘அதெல்லாம் கதை’ என்கிறாயா? அப்படியானால் எழுதியவரையே பார்!

சபா, கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், குடும்பம் நடத்திய சிறிய மோட்டலில் வளர்ந்தவர். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் இரவுப் பணி பார்த்தவர். காஷ்மீரில் ராணுவம் கொண்டுபோன ஆண்கள் திரும்பாமல் தவிக்கும் பெண்களைப் பற்றி அந்தப் பணியின்போதுதான் படித்தார். அந்த வேதனையிலிருந்து பிறந்ததுதான் லாயாவின் கதை.

ஒரு மாதத்தில் எழுதி முடித்தாரா? ஆண்டுக்கணக்கில் உழைத்தார்! அதன்பின் மேலும் மூன்று நாவல்கள் எழுதி, 2020இல்தான் அந்தக் கதையை முடித்தார். 2022இல் வேறொரு நாவலுக்கு அமெரிக்காவின் தேசிய புத்தக விருது!

உன்னால் ஒரு வாரம்கூடத் தொடர்ந்து முயல முடியாதா? முடியும்! நீ இன்னும் முயலவில்லை, அவ்வளவுதான்.

எங்கே தோற்றாய் என்று உனக்குத் தெரியும். யாரை எதிர்கொள்ளப் பயப்படுகிறாய் என்றும் தெரியும். இனி எதற்குத் தாமதம்? எந்த நல்ல நேரத்துக்காகக் காத்திருக்கிறாய்?

இன்றே போ! கால் நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்கும் காலாலும் நடக்க முடியும்.

நட!