சட்டையின் விலை

1986 ஜூன் 22, மெக்ஸிகோ நகரின் அஸ்டெகா மைதானம். இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் உதைத்த பந்து தன் கோல்கீப்பரை நோக்கியே எழும்பியது. இடையில் மரடோனாவின் கை. நடுவர் பார்க்கவில்லை, கோல். நான்கு நிமிஷம் கழித்து அதே ஆள், எதிரிகளை வரிசையாகத் தாண்டி ஓடி, யாரும் மறுக்கமுடியாத இன்னொன்றைப் போட்டான். ஆட்டம் முடிந்ததும் இருவரும் சட்டை மாற்றிக்கொண்டார்கள். 2022-ல் ஸதபீஸ் ஏலத்தில் அது 71 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று.

நான் நகைக்கடன் எழுதும் வங்கிக் குமாஸ்தா. தங்கத்தை உரசிப் பார்க்கலாம், உருக்கினாலும் தங்கம்தான். சட்டையை எதில் உரசுவது? அது முதல் பாதியில் அணிந்தது என்றார்கள் மரடோனாவின் குடும்பத்தார். புகைப்படங்களோடு ஒப்பிட்டு, இரண்டாம் பாதிதான் என்றார்கள் ஏலக்காரர்கள். இரண்டும் ஒரே துணி. இரண்டிலும் அவன் வியர்வை. வித்தியாசம் ஞாபகத்தில் மட்டும். ஆக, முதலீட்டாளன் வாங்குவது பிறத்தியார் ஞாபகத்தை. அவர்கள் மறந்தால் முதலும் போயிற்று.

இந்த விலையில் கைக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அறம் பற்று எழுதிய செயலையும் சந்தை வட்டியோடு வரவு வைத்துவிடுகிறது.

என்னை உறுத்துவது அதுகூட அல்ல. சட்டை கைமாறியபோது யாரும் விலை பேசவில்லை. தோற்றவன் சட்டையும் ஜெயித்தவன் சட்டையும் அந்த ஒரு கணம் சரிக்குச் சரி. அந்தச் சமத்துவம் ஏலப் பட்டியலில் ஏறாத சரக்கு.

மரடோனா வாங்கிக்கொண்டுபோன ஹாட்ஜின் சட்டை எங்கே?