நாயின் உரோமமும் நமது மனச்சாட்சியும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே, பங்களாவிலும் சரி லயத்திலும் சரி, சடைத்த உரோமமுள்ள சிறுநாயை ஆசையோடு வளர்ப்போர் உளர். அதைச் சீவிக் கத்தரித்து அழகு பார்ப்பது குற்றமா?

ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியிலே, நீண்ட உரோமம் ஈரத்தில் சிக்குப் பிடிக்கும். அதனடியில் தோல் புண்ணாகும். உண்ணியும் அட்டையும் மறைந்திருந்து இரத்தம் குடிக்கும். காதின் பின்புறமும் விரலிடுக்கிலும் குட்டையாக வெட்டி, நாள்தோறும் சீவிவிடுவது ஆடம்பரமன்று. வாயில்லாச் சீவனுக்கு நாம் செலுத்தும் கடன்.

ஆனால், அயலார் மெச்சுவதற்காக வாசனைத் தைலமும் பட்டு நாடாவும் வாங்கும்போது நாம் அலங்கரிப்பது நாயையன்று, நமது பெருமையையே. விலங்கை வீணே வதைப்பதும், மனிதத் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடுவதும் மனிதருக்குத் தகாதவை என்கிறது, 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாவானது 2024இல்தான். அந்தக் கூலியை அருகில் வைத்து நாடாவின் விலையைப் பார்ப்போமாக.

நாய்க்கு வேண்டியதை நாய்க்குக் கொடுப்போம். நம் பெருமை கேட்பதை அயலானின் பசிக்குக் கொடுப்போம்.