எட்டுச் சதுர அடி உங்கள் உரிமை!

"வீட்டில் இடமில்லை!"

பேட்டரி வீல்சேர் வாங்கத் தயங்கும் குடும்பங்கள் முதலில் சொல்லும் காரணம் இதுதான். வாங்கிய வண்டியை ஓரங்கட்டும் குடும்பங்கள் சொல்லும் காரணமும் இதேதான். தோழனே, தோழியே, இந்தப் பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள்! இன்று தலையாட்டினால் நாளை முதல் உங்கள் உலகம் ஒரு கட்டிலோடு முடிந்துவிடும். அளக்கும் டேப்பைக் கையில் எடுங்கள். இடம் இருக்கிறதா இல்லையா என்பதை அளவு சொல்லட்டும்.

சாதாரணமான பேட்டரி வீல்சேரின் அகலம் 60 முதல் 65 செ.மீ. கால்மிதியோடு சேர்த்து நீளம் சுமார் 110 செ.மீ. பெருக்கிப் பாருங்கள், முழுசாக எட்டுச் சதுர அடிகூட வராது. ஆறரைக்கு ஐந்தடி இரட்டைக் கட்டில் 32 சதுர அடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. எப்போதோ வரப்போகும் விருந்தாளிக்காக ஹாலில் ஒரு சோபா கிடக்கிறது. அவற்றைப் பார்த்து யாரும் இடமில்லை என்று சொல்வதில்லையே! 400 சதுர அடி வீட்டில் எட்டுச் சதுர அடி என்பது நூற்றில் இரண்டு பங்கு. அந்த வீட்டுப் பிள்ளையான உங்களுக்கு அந்த இரண்டு பங்குகூடக் கிடையாதா? மனமிருந்தால் புளிய இலையிலும் இருவர் படுக்கலாம் என்று சொல்லி வளர்த்த மண் இது.

மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிடப்பட்ட வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? ஜாய்ஸ்டிக்கின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கும். சீட்டின் மேல் பழைய செய்தித்தாள் கட்டு ஏறியிருக்கும். அடியில் எலி ஒயரைக் கடித்திருக்கும். மாதக்கணக்கில் சார்ஜ் காணாத பேட்டரி செத்துப்போயிருக்கும். அப்புறம் "இவனுக்கு வாங்கிக் கொடுத்தோம், இவன்தான் ஓட்டவில்லை" என்று பழியும் வந்து சேரும். ஓட்டவேண்டியவர் உள்ளே கட்டிலில், வண்டி வெளியே படிக்கட்டுக்கு அடியில். எப்படி ஓட்டுவார்? கைக்கு எட்டாத இடத்தில் நிற்கும் வண்டி, இல்லாத வண்டிதான்!

எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க இளைஞரை நினைத்துப் பாருங்கள். 14 வயதில் போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இரும்பு நுரையீரல் என்ற ராட்சத இயந்திரத்துக்குள் படுத்தால்தான் மூச்சு சீராகும் நிலை. 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். அந்த இயந்திரத்தை வைக்க மாணவர் விடுதியில் வசதி இல்லை. அவர் ஊர் திரும்பவில்லை. பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியானது. அந்த வழியாக மேலும் பல மாற்றுத்திறனாளி மாணவர்கள் உள்ளே வந்தார்கள். வேலைக்கே லாயக்கில்லை என்று ஒருகாலத்தில் அவரை ஒதுக்கிய கலிபோர்னியா மறுவாழ்வுத் துறைக்கு 1975-இல் அவரே இயக்குநரானார். அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு இடம் கிடைத்ததென்றால், உங்கள் வீல்சேருக்கா கிடைக்காது?

எழுங்கள், வேலையைத் தொடங்குவோம்! கட்டிலுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எட்டுச் சதுர அடிக் கட்டம் போடச் சொல்லுங்கள். இது வண்டியின் இடம், இங்கே வேறெதுவும் வரக்கூடாது என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் அசையாத மரக்கட்டை கொடுத்து, வண்டியின் சீட் மட்டத்துக்கு உயர்த்துங்கள். இறங்கி ஏறுவது எளிதாகும். கட்டிலுக்கு அடியில் கிடைக்கும் உயரத்தில், தரையை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளும் போய்விடும். வண்டி முழுதாகத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். அது இல்லாத அறைக்குள் ரிவர்ஸில் வந்து நிறுத்துங்கள், மறுநாள் நேராக வெளியேறலாம். கதவு இடித்தால் கழற்றிவிட்டுத் திரை போடுங்கள். ஆறு அங்குல வாசல்படிக்கு ஆறடி நீளச் சாய்தளம் தேவை. கழற்றி மாட்டும் தகடாகச் செய்தால் வேலை முடிந்ததும் சுவரோரம் நிறுத்திவிடலாம்.

இடம் மிகவும் நெருக்கடி என்றால் மடிக்கும் லித்தியம் மாடல்கள் 25 கிலோ அளவில் கிடைக்கின்றன. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொள்ளும். ஆனால் வீட்டின் அளவுக்காக உங்கள் முதுகைப் பலியிடாதீர்கள். சாய்ந்து உட்காரவேண்டிய உடலுக்கு அதற்கேற்ற சீட்தான் வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டு முடிவெடுங்கள்.

சார்ஜ் போடும் பிளக் பாயின்ட் வண்டி நிற்கும் இடத்திலேயே இருக்கட்டும். நாலு பொருள் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அடுப்புப் பக்கம் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது மேலே துணி மூட வேண்டாம். வீட்டுக்கு ஒரே வாசல் என்றால், அந்த வழியை மறித்துச் சார்ஜ் போடவே கூடாது. லெட் ஆசிட் பேட்டரியைக் காலியாகப் போட்டுவைத்தால் அது வீணாகும், வண்டியை எடுக்காத வாரங்களிலும் சார்ஜ் ஏற்றுங்கள். இந்த வேலைகளை நீங்களே பொறுப்பேற்றுச் செய்யுங்கள், அல்லது நீங்களே சொல்லிச் செய்யவையுங்கள். உங்கள் வண்டிக்கு நீங்கள்தான் முதலாளி!

லிஃப்ட் இல்லாத மாடியில் இருக்கிறீர்களா? தரைத்தளத்துக்கு மாற வழி தேடுங்கள். அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து விழுக்காடு ஒதுக்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் சொல்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். தசைச்சிதைவாலும் முதுகுத்தண்டுவடப் பாதிப்பாலும் முடங்கியவர்களுக்கு அரசே பேட்டரி வீல்சேர் வழங்குகிறது, அதையும் கேட்டு விண்ணப்பியுங்கள். கேட்பது பிச்சை அல்ல. கூச்சத்தைத் தூக்கி எறியுங்கள்!

பெற்றோரே, உடன்பிறந்தோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தூக்கிச் சுமக்கும் உங்கள் அன்பு பெரிது. உங்கள் துணை இல்லாமலும் அவர் ஜன்னல் வரை, வாசல் வரை, தெருமுனை வரை போய்வர வழிவிடும் அன்பு அதைவிடப் பெரிது. அந்தச் சோபாவை இன்றே நகர்த்துங்கள்.

தோழர்களே, வீடு சின்னதாக இருக்கலாம், உங்கள் வாழ்க்கை சின்னதல்ல. உங்களுக்கான எட்டுச் சதுர அடியை வாய்விட்டுக் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள். கிடைத்த அன்றே வண்டியில் ஏறி வெளியே வாருங்கள்!