கால் கட்டைவிரல் துடிக்கிறதா?

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை ஆலைக் கொட்டகைகள், நடுவே லாரிகள் விரையும் ஜி.என்.டி. ரோடு. முதுகெலும்பு முறிவதற்குப் பெரும் காரணங்களான இரண்டும், உயரத்திலிருந்து விழுவதும் சாலை விபத்தும், இங்கே அன்றாட ஆபத்துகள். ஸ்க்ரூவும் ராடும் வைக்க ஆபரேஷன் என்றதும் வீட்டார் கேட்பது, “கால் வருமா டாக்டர்?” காலில் அசைவு மிச்சமிருப்பவருக்கு அது பறிபோகாமல் இருக்கிறதா என்பதை ஆபரேஷன் நடக்கும்போதே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

1973-இல் பிரான்சின் ஸ்டாக்னாரா குழுவினர், நோயாளியை ஆபரேஷன் நடுவில் லேசாக விழிக்கவைத்துக் காலை அசைக்கச் சொன்னார்கள். அது அந்தக் கணத்தை மட்டுமே காட்டும். இன்று தலைத்தோலில் மின்தூண்டல் கொடுக்கிறார்கள்; கட்டளை தண்டுவடம் வழியே இறங்கி, கால் கட்டைவிரல் தசை துடிப்பது திரையில் அலையாகத் தெரிகிறது. இதுதான் எம்.இ.பி. தாடையும் சேர்ந்து இறுகுவதால், நாக்கு கடிபடாதிருக்கக் கடைவாய்ப் பற்களுக்கிடையே சுருட்டிய காஸ் துணி வைப்பார்கள்.

இங்கேதான் தசைத் தளர்த்தி மருந்து குறுக்கே நிற்கிறது. அட்ராகூரியம், ரோகுரோனியம் போன்றவை நரம்பின் செய்தியைத் தசை வாங்கும் இடத்தை அடைத்துவிடும். மூச்சுக்குழாயில் டியூப் போடவும் முதுகுத் தசைகளை விலக்கவும் அது பெரிய உதவி. ஆனால் அலை படுத்துவிட்டால், தண்டுவடம் நசுங்கியதா, மருந்தின் வேலையா என்பது குழம்பிப்போகும். கணுக்காலில் தூண்டித் தலையில் பதிவெடுக்கும் எஸ்.எஸ்.இ.பி.யை இம்மருந்து கெடுக்காது. ஆனால் அது கண்காணிப்பது தண்டுவடத்தின் பின்பக்கத்தைத்தான். முன்பக்க ரத்த ஓட்டம் நின்று கால் செயலிழந்தாலும் அந்த அலை மாறாமலே இருக்கக்கூடும்.

அதனால் டியூப் போடும்போது ஒரு டோஸ். அதன்பின் பெரும்பாலும் கிடையாது. ஆவி மயக்க மருந்துகளும் எம்.இ.பி. அலையை அமுக்குவதால், புரோபோஃபால் சொட்டாக ஓடும். மணிக்கட்டு நரம்பில் அரை நொடிக்கு ஒன்றாக நான்கு மின்துடிப்பு கொடுப்பார்கள். கைக் கட்டைவிரல் நான்கு முறையும் ஒரே வலுவோடு மடங்கினால் மருந்து இறங்கிவிட்டது. ஸ்க்ரூ ஏறுமுன் அடிப்படை அலையைப் பதிய வேண்டிய நேரம் அதுதான்.

“தசை இறுகுது, கொஞ்சம் கொடுங்க” என்று சர்ஜன் கேட்கும் கட்டமும் வரும். கொடுக்குமுன் மயக்க மருத்துவர் அதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும் என்பேன். அலை விழுந்தால் மானிட்டர் முன் இருப்பவர் முதலில் விசாரிப்பது அதைத்தான். மருந்து போகவில்லை என்றால் சர்ஜனின் கை நிற்கும். ரத்த அழுத்தத்தை உயர்த்துவார்கள், கடைசியாகப் போட்ட ஸ்க்ரூவைச் சோதிப்பார்கள், தேவையானால் ராடைத் தளர்த்துவார்கள்.